வெறும் வயிற்றில் வரவும்

பசியோடு வருகிறவர்களை வரிசையில் உட்கார வைத்து, ஊசியால் குத்தி, ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு, "சரி, இனிமேல் போய்ச் சாப்பிடுங்க" என்று அனுப்பி வைக்கிற புண்ணியமான தொழில் என்னுடையது. லேப் டெக்னீஷியன். எழுபதுகளின் நடுவில் தில்லியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் இன்னும் நல்லபடியாக இருக்கிறார்கள், பார்த்தவர்களும் இருக்கிறோம்.

காலைக் காபி இல்லாமல் லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் பாவியை மனத்துக்குள் சபித்த அனுபவம் உள்ளவர்களே, அந்தப் பாவி நான்தான். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். எங்கள் பெஞ்சில் பதினொன்றாவதாக லேப்காரியின் மானமும் பறக்கும். இப்போது துவாரகாவில் மகன் வீட்டில் இருக்கிறேன், எனக்கே சர்க்கரை. ஆகவே பெஞ்சில் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சபியுங்கள், சேர்ந்தே சபிப்போம்.

எங்கள் விருதுநகரில் பக்திமான் யார் என்பதில் குழப்பமே கிடையாது. நெற்றியைப் பார்த்தால் போதும். தில்லிக்கு வந்த பிறகுதான் பக்தியை வயிற்றில் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒருவருக்குச் சாப்பிடாமல் இருப்பது பக்தி, ஒருவருக்குச் சாப்பிடுவது, இன்னொருவருக்கு அடுத்தவரைச் சாப்பிட வைப்பது. இந்த மூன்றுக்கும் நடுவில் மாரிமுத்து என்கிற மனிதரின் வலது கால் மாட்டிக்கொண்டது. அந்தக் கதைக்குத்தான் வரப் போகிறேன். முதலில் என் இந்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது.

கூன்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிக்க வைத்து, தட்டில் அடுக்கி, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தேன். முதல் கட்டிலில் இருந்த ஒருவர் உரக்க, "கூன்வாலி ஆ கயீ!" என்றார். பத்துப் பதினைந்து தலைகள் என் பக்கம் திரும்பின. எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் கொஞ்சம் உயரம், குனிந்து நடக்கிறேன் என்று அம்மாவே சொல்லுவாள். அதற்காக ஊர் பேர் தெரியாத ஆள் கூனி என்று கூப்பிடுவதா? முதுகை விறைப்பாக நிமிர்த்திக்கொண்டேன். அன்று முழுக்க அப்படியே, முகத்தையும் தூக்கி வைத்துக்கொண்டு ரத்தம் எடுத்தேன்.

எங்கள் லேப் அட்டெண்டர் சர்மாஜி மதுரா பக்கத்துக்காரர், ஆஞ்சநேய பக்தர். வயதில் பெரியவர், ஆனாலும் எனக்கு 'மேடம்ஜி' என்றுதான் மரியாதை. சாயங்காலம் அவரிடம் புலம்பினேன். இந்தியில் கூன் என்றால் ரத்தம் என்று அவர் விளக்குவதற்குள், பாவம், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதுகு வலி எனக்கு இரண்டு நாள் இருந்தது. சர்மாஜி மட்டும் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்: "பரவாயில்லை மேடம்ஜி, இந்த டிபார்ட்மெண்ட்டில் நிமிர்ந்து நின்று வேலை பார்த்த முதல் ஆள் நீங்கள்தான்."

விரதச் சாப்பாடு

அடுத்த வில்லங்கம் 'வெறும் வயிறு.' அதற்கு இந்தியில் காலி பேட் என்று சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரியாது. விரதம் என்பதை 'விரத்' என்று சொன்னால் போதும், அங்கேயும் அதே சொல்தான் என்று ஒரு மேதாவித்தனம். சரோஜினி நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த குப்தா வீட்டு அம்மாள் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தபோது, "நாளைக்கு விரத் இருந்து வாங்க" என்று கணீரென்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் குளித்து, பொட்டு வைத்து, கோயிலுக்குப் போகிற மாதிரி வந்தார். ரத்தம் எடுத்தேன். சர்க்கரை தாறுமாறாக ஏறிக் கிடந்தது.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றேன். காதைத் தொட்டுக்கொண்டு, ராம ராமா என்றார். விரத நாளில் சாப்பிடுவாளா ஒருத்தி? அப்புறம் மெதுவாக விசாரித்ததில் வெளியே வந்தது: பால் விட்ட டீ, இரண்டு வாழைப்பழம், வேர்க்கடலை போட்ட ஜவ்வரிசி உப்புமா, நெய்யில் வதக்கிய உருளைக்கிழங்கு, கடைசியில் கொஞ்சம் பேடா. நான் வாயைப் பிளந்தேன். எங்கள் ஊரில் சஷ்டிக்கு எச்சில் முழுங்கவே யோசிக்கிற ஆட்களைப் பார்த்தவள் நான். ஆனால் சிரிக்கவும் வாயில்லை. எங்கள் அப்பா சனிக்கிழமை ஒருபொழுது இருப்பார். பகலில் ஒரு வேளை சாப்பாடு, ராத்திரி சோறு ஆகாது, பலகாரம்தான். அந்தப் பலகாரம் என்பது அடுக்கடுக்காக இட்லி, மேலே நல்லெண்ணெய். அரிசி அரைபட்டுவிட்டால் அது அரிசி இல்லை என்று அப்பாவின் சித்தாந்தம். குப்தா அம்மாளோ உண்மையிலேயே மனம் நொந்து போனார்: "பெஹன்ஜி, ஒரு மணி அரிசி, ஒரு மணி கோதுமை என் வாயில் பட்டிருந்தால் சொல்லுங்கள், நான் சாப்பிடவே இல்லை!"

ரோஜா

ஆண்கள் சர்ஜரி வார்டில் ரஹ்மத் மியான் இருந்தார். ஜாமா மஸ்ஜித் பக்கம் தையல்கடை. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆக வேண்டும், தேதி தள்ளிக்கொண்டே போனது. நான் தட்டோடு போய் நின்றதும், "பேட்டி, எனக்கு ரோஜா" என்றார். பேட்டி என்றால் மகள், அது எனக்குத் தெரியும். தலையணைப் பக்கம், மேஜை மேல், கட்டிலுக்கு அடியில் எல்லாம் பார்த்தேன். பூ எதையும் காணோம். பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர், பல்வந்த் சிங், உடைந்த காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். நான் பூ தேடுவதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் அந்த எடையே ஆடியது. ரோஜா என்றால் நோன்பு. அது ரம்ஜான் மாதம்.

ரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமா என்று மியானுக்குக் கவலை. எனக்கு என்ன தெரியும்? அவரே பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பிக் கேட்டு, தடையில்லை என்று பதில் வந்த பிறகுதான் கையை நீட்டினார். எடுத்து முடித்ததும் பழக்க தோஷத்தில், "கொஞ்சம் டீ குடிங்க" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டேன். மியான் கோபப்படவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீ சாப்பிட்டாயா?" என்றார். இல்லை. காலையிலிருந்து லேப்பில் கூட்டம், மத்தியானமே ஆகிவிட்டது. அவருக்கென்று வந்து, தொடாமல் மூடி வைத்திருந்த பன்னை எடுத்து என் கையில் வைத்தார். நோன்பாளியின் எதிரே எப்படித் தின்பது என்று நான் நெளிந்தேன். அவர் விடவில்லை: "நோன்பு என்னுடையது பேட்டி, உனக்கு ஏன் பட்டினி? உன் பசிக்கும் சேர்த்து அல்லா என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன், சாப்பிடு!"

கடா பிரசாத்

அந்த மாதக் கடைசியில்தான் மாரிமுத்து வந்து சேர்ந்தார். சின்னசேலம் பக்கத்து ஆள். அவரும் மனைவி பச்சையம்மாவும் ஒரு கட்டட வேலையில் இருந்தார்கள். அவர் சாரத்தில் ஏறி வேலை செய்வார், அவள் செங்கல் சுமப்பாள். வலது பாதத்தில் ஆணி குத்தியிருக்கிறது, துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். புண் புரையோடிய பிறகுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. பெரிய டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். சர்க்கரை இறங்கினால் புண்ணைச் சுத்தம் செய்து காலைக் காப்பாற்றலாம். இறங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், அதிக நாள் காத்திருக்க முடியாது. சாரத்தில் ஏறுகிறவருக்கு ஒற்றைக் கால் என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்தவள் என்பதால் அதை அவர்கள் இரண்டு பேருக்கும் மொழிபெயர்த்தது நான்தான். இந்தியில் கேட்டபோது சாதாரணமாக இருந்த வார்த்தைகள், தமிழில் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தன.

பல்வந்த் சிங்குக்கும் ரஹ்மத் மியானுக்கும் நடுவில் இன்னொரு கட்டிலை நுழைத்து அவரைப் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலை பல்வந்த் சிங்கின் மனைவி குருத்துவாராவிலிருந்து தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். சர்தார்ஜி தன் பங்கை வாயில் வைப்பதற்கு முன்னால் பக்கத்துக் கட்டில் பக்கம் கையை நீட்டி, "கடா பிரசாத்!" என்றார். மாரிமுத்துவின் முகம் மலர்ந்தது. அவர்கள் ஊரில் முனியப்பனுக்குக் கடா வெட்டிப் பங்கு போடுவார்கள். ஆசையோடு இரண்டு கையையும் ஏந்தினார். விழுந்தது, நெய் சொட்டச் சொட்ட கோதுமை அல்வா. சீக்கியர்களின் பிரசாதத்துக்கு அதுதான் பெயர் என்று நான் சொன்னேன். அவர் கண்ணில் ஒற்றி, பக்தியோடு சாப்பிட்டுவிட்டு என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "கடான்னு சொல்லி அல்வா குடுத்துட்டாரே சிங்கு!"

செங்கல் நிறம்

வார்டை ஒட்டிய சிறிய அறையில் ஸ்பிரிட் விளக்கு வைத்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்வேன். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் சொட்டு விட்டுச் சுட வைத்தால், நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம், மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. மாரிமுத்துவுக்குத் தினமும் செங்கல். இன்சுலின் போடுகிறார்கள், ஆஸ்பத்திரியில் அளந்துதான் சாப்பாடு, ஆனாலும் செங்கல். வேலையில் சுமந்தது போதாது என்று குழாயிலுமா என்று எனக்கு எரிச்சல். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, டாக்டர் சம்மதித்தும் தினமும் 'இல்லை' என்று சொல்கிற அந்தப் பூசாரி நானாக இருந்தேன்.

ஈத் முடிந்த மறுநாள், குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கட்டிலுக்கே போய்விட்டேன். "திருட்டுத்தனமா இனிப்புத் திங்கிறீங்களா? காலு வேணுமா வேணாமா?" என்று வார்டே கேட்கக் கத்தினேன். மனிதர் திகைத்துப் போனார். சத்தியம் செய்தார். பிறகு நான் ஒவ்வொரு நாளாகக் கேட்கக் கேட்க, ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். காலையில் சிங்கு வீட்டுக் கடா பிரசாதம். செவ்வாய்க்கிழமை எங்கள் சர்மாஜியே ஆஞ்சநேயர் கோயிலிலிருந்து கொண்டு வந்து கட்டில் கட்டிலாகக் கொடுத்த பூந்தி. நேற்று மியான் வீட்டிலிருந்து வந்த பெருநாள் சேமியா, முந்திரி போட்டது. கேட்கக் கேட்க எனக்கு குப்தா அம்மாளின் முகம் ஞாபகம் வந்தது. அவர் முகத்தில் இருந்த அதே நேர்மை இவர் முகத்திலும் இருந்தது: "இனிப்பா? இனிப்புன்னு ஒண்ணு நான் தொட்டே பாக்கலீங்கம்மா, பிரசாதந்தான் சாப்பிட்டேன்!"

மூன்று நல்லவர்கள்

பஞ்சாயத்து வைத்தேன். நடுவில் நின்று என் ஓட்டை இந்தியில் சர்க்கரை, இன்சுலின், புண், கால் எல்லாவற்றையும் விளக்கினேன். பல்வந்த் சிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிரசாதத்தைத் தான் மட்டும் தின்றால் அது பிரசாதமே இல்லை, வெறும் அல்வா என்றார். மியானும் தலையாட்டினார். பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்காத சேமியா தனக்குத் தொண்டையில் இறங்காது என்றார். "சரி, நீங்களாவது வேண்டாம்னு சொல்லுங்க" என்று மாரிமுத்துவிடம் திரும்பினேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நீட்டுகிற பிரசாதத்தை வேண்டாம் என்பது சாமியின் கையைத் தட்டிவிடுகிற மாதிரியாம். ஏற்கெனவே காலில் இந்தக் கதி, சாமி குத்தம் வேறு வேண்டுமா என்று கேட்டார். சர்மாஜி என்ன சொன்னார் என்று எழுதவே வேண்டாம். தன் பூந்தியில் சர்க்கரை இருக்கலாம், தோஷம் இருக்காது என்று அடித்துப் பேசினார்.

கொடுக்காமல் இருந்தால் அவர்களுக்குப் பாவம், வாங்காமல் இருந்தால் இவருக்குப் பாவம். மூன்று பேரில் ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்தி இல்லாத நாத்திகன் ஒருவனைப் பக்கத்துக் கட்டிலில் போட மாட்டார்களா என்றுகூட நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் வந்தார். நடந்ததைக் கேட்டார், மாரிமுத்துவின் கட்டை அவிழ்த்துப் பார்த்தார், வரும் திங்கட்கிழமை வரைதான் பொறுக்க முடியும் என்றார். போகும்போது மூன்று கட்டில்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் நல்லவங்கதான், எல்லாருமாச் சேர்ந்து ஒரு காலை எடுக்கப் போறீங்க."

மஞ்சள் துணி

சாயங்காலம் பச்சையம்மா வந்தாள். தலைமுடி, புருவம் எல்லாம் சிமெண்டுத் தூசி. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புருஷனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் கோதிவிட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் ஆத்திரம். கல்லு மாதிரி இருக்கிறாளே என்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

மறுநாள் காலையில் அவள் ஈரத் தலையோடு வார்டில் நின்றாள். அவர்களுடைய ஜுக்கிக் குடிசைகளுக்கு நடுவில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் மூன்று செங்கல்லுக்கு மஞ்சள் பூசி மாரியம்மன் என்று கும்பிடுவார்கள். அங்கேயிருந்து நேரே வந்திருக்கிறாள். கையில் மஞ்சள் நனைத்த துணி முடிச்சு. நேர்ந்துகொண்டு காசு முடிந்து வைப்பது நம் வழக்கம். இதில் காசு இல்லை, ஒரு வெல்லக்கட்டி. அதைக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் கட்டினாள். "இவரு இனிப்ப ஆத்தாகிட்ட அடகு வெச்சிட்டேம்மா. இந்தக் காலாலயே நடந்து வந்து இவரே முடிச்ச அவுக்குற வரைக்கும், எந்தச் சாமி வூட்டு இனிப்பு வந்தாலும் அது ஆத்தாவோடது. இவரு வாயில பட்டுச்சுன்னா ஆத்தாகிட்டேருந்து புடுங்கித் தின்ன மாதிரி" என்றாள்.

மாரிமுத்துவுக்கு வந்ததே கோபம். அவ்வளவு நாளில் அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "என்னை ஒரு வார்த்த கேக்காம என் வாய நேந்து வுட்டுட்டியா?" என்று கத்தினார். பச்சையம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், வேலைக்கு நேரமாகிவிட்டது. வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "கடாவக் கேட்டுக்கிட்டா நேந்து வுடறோம்?"

நேர்ச்சை

அன்றைக்கும் தூக்குப் பாத்திரம் வந்தது. பல்வந்த் சிங் பழக்கப்படி கையை நீட்டினார். மாரிமுத்துவின் இரண்டு கையும் தானாக ஏந்தின. ஏந்திய கைகள் பாதியில் நின்றன. கண் கம்பிக்குப் போனது. அல்வாவை வாங்கிக் கண்ணில் ஒற்றி, சர்தார்ஜியிடமே திருப்பிக் கொடுத்தார். "என்ன இது?" என்று சர்தார்ஜி மஞ்சள் துணியைக் காட்டிக் கேட்டார். நேர்ந்துகொண்டதற்கு இந்தியில் என்ன என்று நான் திணறியபோது சர்மாஜி எட்டிப் பார்த்து, "மன்னத்" என்றார். அவ்வளவுதான். நான் சர்க்கரை, இன்சுலின், புண் என்று மணிக்கணக்கில் தொண்டை வற்றப் பேசியும் ஏறாதது அந்த ஒரு சொல்லில் ஏறிவிட்டது. சர்தார்ஜி தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டார். மியான், தன் மகள் பிழைக்க வேண்டி தர்காவில் தானும் நூல் கட்டியிருப்பதாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை சர்மாஜி அந்தக் கட்டிலுக்கு மட்டும் பூந்திக்குப் பதில் வறுத்த கடலை கொண்டு வந்தார். அனுமாருக்கு அதுவும் சம்மதம்தான் என்று, நாங்கள் யாரும் கேட்காமலே விளக்கம் வேறு சொன்னார்.

வெல்லத்துக்கு எறும்பு வராமல் இருக்குமா? கம்பி முழுக்க வரிசை. வார்டு சிஸ்டர் கோட்டயத்துக்காரி, சுத்தத்தில் ராட்சசி. தலையணையில் ஒரு சுருக்கம் இருந்தால் எங்களைத் தொலைத்துவிடுவாள். முடிச்சைப் பிய்த்து எறியப் போகிறாள் என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு, துணியை முகர்ந்து பார்த்தாள், யார் கட்டியது என்று கேட்டாள். பிறகு பழைய தகர டப்பாக்களில் தண்ணீர் பிடித்து, நம் வீடுகளில் பால் அலமாரிக்கு வைப்போமே அதே மாதிரி, கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் வைத்தாள். கழுத்திலிருந்த சிலுவையைத் தொட்டுக்கொண்டு என்னை முறைத்தாள்: "நேர்ச்சையல்லே கொச்சே, அதினெ ஆரும் தொடண்டா!"

நீலம்

செங்கல் நிறம் ஆரஞ்சானது. அப்புறம் மஞ்சள். சனிக்கிழமை பச்சை. திங்கட்கிழமை காலை குழாயைச் சுட வைத்தேன். பார்த்தேன், நீலம். மருந்து சரியாக விழவில்லையோ என்று மறுபடியும் செய்தேன், மறுபடியும் நீலம். ரத்தத்திலும் இறங்கியிருந்தது. பெரிய டாக்டர் அன்றே அவரை ஆபரேஷனுக்கு எடுத்துப் போனார். சுண்டு விரல் மட்டும் போயிற்று. கால் நின்றது. இன்சுலின் வேலை செய்தது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு வேலை செய்தது, எல்லாம் எனக்குத் தெரியும். அவை இரண்டையும் வேலை செய்ய விட்டது அந்த வெல்லக்கட்டி.

ஆனால் அந்தக் காலையில் டாக்டர் வருவதற்கு முன்னால் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் வெட்கம். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், சூடு ஆறாத குழாயை இடுக்கியோடு தூக்கிக்கொண்டு வார்டுக்குள் ஓடினேன். "நீலம்! நீலம்!" என்று தமிழிலேயே கத்தினேன். மாரிமுத்து அழுதார், மியான் கையை உயர்த்தி துவா செய்தார். நான் குழாயைக் கட்டில் கட்டிலாகக் காட்டிக்கொண்டே போனேன். பல்வந்த் சிங் முதலில் கும்பிடு போட்டார், பிறகு குழாயில் இருப்பது என்ன என்று உறைத்து, போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார்: "பெஹன்ஜி, இந்தப் பிரசாதத்தை மட்டும் பங்கு போட வேண்டாம்!"

முடிச்சு

குளிர் விடுகிற சமயம் மாரிமுத்து கோலூன்றி நடக்க ஆரம்பித்தார். முடிச்சு அவிழ்க்கும் நாளில் நானும் வர வேண்டும் என்று பச்சையம்மா பிடிவாதம் பிடித்தாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தேங்காய், கற்பூரம் வாங்கிக்கொண்டு போனேன். பாதையெல்லாம் சேறு. அவர் தோளைப் பிடிக்க யாரையும் விடாமல், இரண்டு காலாலும் நடந்து வேப்பமரத்தடிக்கு வந்தார். தானே முடிச்சை அவிழ்த்தார். அத்தனை டப்பாத் தண்ணீரையும் தாண்டி எறும்புக்கு அதன் பங்கு போயிருந்தது. மிச்ச வெல்லத்தைப் பச்சையம்மா உடைத்து எல்லார் கையிலும் வைத்துக்கொண்டே வந்தாள்.

அவர் முறை வந்தது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது, இனிமேல் அவரைத் தடுக்க ஒன்றுமில்லை. லேப்காரி புத்தி, 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார், கண்ணில் ஒற்றினார். ஒற்றிவிட்டு, அத்தனை பேர் நடுவில், அந்தத் துண்டைப் பச்சையம்மாவின் வாயில் வைத்தார். அவள் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மெல்லவும் தெரியாமல் துப்பவும் தெரியாமல் நின்றாள், கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "இத்தினி நாளு இவளும் டீயில சக்கர போட்டுக்கலம்மா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டிருந்தா, ஆத்தாகிட்ட வெச்சது என்னோடது அங்கியே இருக்கட்டும், இவ வாயி இனிச்சா எனக்குப் போதும்."

சாப்பிடாமலும், சாப்பிட்டும், சாப்பிட வைத்தும், கைக்கு வந்ததை விட்டுக் கொடுத்தும் மனிதர்கள் அவரவர் சாமியிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். நான் மட்டும் இன்றைக்கும் ரத்தம் கொடுத்த கையோடு நேரே காபியிடம்தான் போய்ச் சேருகிறேன், அதுவும் சர்க்கரை இல்லாமல்.